காணிக்கை கொடுத்தவர்கள் கேட்கிறோம்

கர்த்தருக்குள் அன்பான போதகர்களே, சுவிசேஷகர்களே, ஊழிய ஸ்தாபனங்களை நடத்துகிறவர்களே, திருமண்டலப் பொறுப்புகளில் இருக்கிற ஐயாமாரே, அம்மாமாரே,

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். யாராவது உங்களிடம் கணக்குக் கேட்டால் நீங்கள் சொல்கிற பதில் ஒன்று உண்டு. "நான் ஆண்டவருக்குக் கணக்குக் கொடுக்கிறவன், மனுஷனுக்கு அல்ல." சேகரக் கமிட்டியில் இதைக் கேட்டிருக்கிறேன். கூட்ட மேடைகளில் கேட்டிருக்கிறேன். ஜனங்கள் அதற்கு ஆமென் சொன்னதையும் கேட்டிருக்கிறேன். பக்தியான பதில்போலத் தோன்றுவதால் அதற்குமேல் யாரும் வாய் திறப்பதில்லை. அந்தப் பதில் வேதத்துக்கு ஒத்ததல்ல என்று உங்களிடமே சொல்லத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

உங்கள் கைக்கு வருகிற காணிக்கை எந்த வீடுகளிலிருந்து வருகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. உங்களில் பலர் அந்த வீடுகளிலிருந்து ஊழியத்துக்கு வந்தவர்கள்தான். தென்காசிப் பக்கம் மடியில் தட்டை வைத்துக்கொண்டு விடிய விடிய பீடி சுற்றி, அந்தக் கூலியில் பத்தில் ஒன்றைத் தனியே முடிந்து வைக்கிற அம்மா இருக்கிறார். சாத்தூரில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்வருகிற பெண், மாதம் தவறாமல் ஊழியப் பங்காளர் பணம் கட்டிவிட்டுத்தான் மளிகைக் கடைப் பாக்கியைத் தீர்க்கிறார். மகன் துபாயிலிருந்து அனுப்பிய முதல் மாதச் சம்பளத்தைக் கவரில் போட்டு அப்படியே காணிக்கைத் தட்டில் வைத்த தகப்பன்மார் எங்கள் ஊரிலேயே உண்டு. உடன்குடி, சாயர்புரம் பக்கத்துப் பழைய ஆலயங்கள் பலவற்றின் சுவரில் பனையேறிகளின் உழைப்பு இருக்கிறது. சோற்றுக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைத்த எங்கள் ஆச்சிமாரின் கைப்பிடி அரிசி எத்தனையோ மிஷனரிகளுக்குச் சோறு போட்டது.

1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது அதை நடத்தியவர்கள் வெளிநாட்டுப் பணத்தை நம்பவில்லை. நம் ஆட்கள், நம் பணம், நம் நிர்வாகம் என்று முடிவெடுத்தார்கள். அந்த நம்பிக்கையின் பேரில் வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா 1909-இல் குடும்பத்தோடு தோர்ணக்கலுக்குப் போனார். நிஜாம் சமஸ்தானத்தில், மொழி தெரியாத ஊரில், தெலுங்கு கற்றுக்கொண்டு மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகச் சுற்றினார். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆன பிறகும் அவருடைய வேலை பெரும்பாலும் அதே கிராமங்களில்தான் இருந்தது. அந்த அரிசி கலயத்திலிருந்து புறப்பட்டது முதல் தோர்ணக்கல் போய்ச் சேர்ந்தது வரை கொடுத்தவர்களுக்கும் பெற்றவர்களுக்கும் நடுவில் ஒரு நம்பிக்கை இருந்தது. இன்று காணிக்கை அதைவிடப் பல மடங்கு வருகிறது. அந்த நம்பிக்கைதான் குறைந்துபோயிருக்கிறது. ஜனங்களுக்கு விசுவாசம் குறைந்துவிட்டது என்று நீங்கள் பிரசங்கத்தில் வருத்தப்படுகிறீர்கள். ஆண்டவர்மேல் குறையவில்லை, ஐயா. உங்கள் மேஜைமேல் இருக்கிற கணக்குப் புத்தகத்தின்மேல்தான் குறைந்திருக்கிறது.

ஆண்டவருக்கு மட்டும்தான் கணக்கு என்கிறீர்களே, பவுல் அப்படி நினைத்தாரா? எருசலேமில் இருந்த ஏழை விசுவாசிகளுக்காக அவர் மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் பணம் சேர்த்தார். அவருடைய வாழ்நாளில் அவர் பொறுப்பெடுத்த பெரிய காணிக்கை அது. அதை அவர் தனியாகத் தொடவில்லை. நீங்கள் யாரை நம்புகிறீர்களோ அவர்கள் கையில் கொடுத்தனுப்புவேன் என்று கொரிந்தியருக்கு எழுதினார். தீத்துவோடு வேறொரு சகோதரனையும் கூட்டி அனுப்பினார். அந்தச் சகோதரனைத் தெரிந்தெடுத்தது பவுல் அல்ல, சபைகள். காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னார். இவ்வளவு பெரிய தொகை விஷயத்தில் ஒருவரும் நம்மைக் குறை சொல்ல இடம் இருக்கக் கூடாது, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானதைச் செய்ய வேண்டும் என்பது அவருடைய எண்ணம். இரண்டு கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தை இன்று இரவு ஒருமுறை திறந்து பாருங்கள். தாராளமாகக் கொடுப்பதைப் பற்றி நீங்கள் பிரசங்கம் பண்ணுகிற அதே அதிகாரம்தான் அது. கொடுப்பதைச் சொல்கிற வசனங்களை எங்களுக்கு வாசிக்கிறீர்கள். கணக்கைச் சொல்கிற வசனங்களும் அதன்கீழேயே இருக்கின்றன.

அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரத்தையும் பாருங்கள். பந்தி விசாரிப்பில் தங்கள் விதவைகள் விடுபட்டுப்போகிறார்கள் என்று கிரேக்க மொழி பேசின யூதர் முறையிட்டார்கள். அப்போஸ்தலர்கள் அந்த முறையீட்டைப் பிசாசின் தந்திரம் என்று சொல்லவில்லை. முறையிட்டவர்களை முறுமுறுக்கிறவர்கள் என்று ஒதுக்கவில்லை. சீஷர் கூட்டம் முழுவதையும் வரவழைத்து, நீங்களே ஏழு பேரைத் தெரிந்தெடுங்கள் என்றார்கள். தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேரின் பெயர்களைக் கவனித்தீர்களா? ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்னவர்கள் பக்கத்து ஆட்கள் கையிலேயே பண்டசாலைச் சாவி போனது என்றுதான் நான் அதை வாசிக்கிறேன். இதுபோல ஒரு காரியம் நம் சேகரத்தில் நடக்குமா?

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், தம் சேகரத்துக் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து, பள்ளிக்கூட ஆசிரியர் நியமனத்துக்கு வாங்கிய நன்கொடை எந்தக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்று கேட்டார். பதில் வரவில்லை. அதற்குப் பதிலாக அவருடைய மகளின் திருமண அறிவிப்பான கல்யாண ஓலை ஆலயத்தில் வாசிக்கப்படாமல் வாரக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டது. சந்தா பாக்கி என்றார்கள். ரசீதைக் காட்டினார். ஞானஸ்நானப் பதிவைச் சரிபார்க்க வேண்டும் என்றார்கள். கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் அவரை அழைத்துக்கொண்டு போய் வருத்தம் தெரிவிக்க வைத்த பிறகுதான் ஓலை வாசித்தார்கள். இப்போது அவர் ஆராதனைக்கு வருகிறார், பின் வரிசையில் உட்கார்ந்து போய்விடுகிறார். கேள்வி கேட்டவனின் மகள் கல்யாணத்தில் கை வைப்பதா சபை ஒழுங்கு? திருமணமும் அடக்க ஆராதனையும் கல்லறைத் தோட்டத்து இடமும் ஆண்டவருடைய சபை விசுவாசிக்குச் செய்கிற கடமைகள். அவற்றை வாய்ப்பூட்டாக யார் மாற்றினார்கள்?

இதையெல்லாம் சொன்னால், அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடக்கூடாது என்கிற வசனம் வருகிறது. அந்தச் சங்கீதம் யாரைப் பற்றிப் பாடுகிறது என்று நீங்கள் எங்களைவிட நன்றாக அறிவீர்கள். சொந்த நிலம் இல்லாமல், ஜாதி ஜாதியாக அலைந்து திரிந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு என்கிற பரதேசிகளை ராஜாக்கள் ஒடுக்காதபடிக்குச் சொல்லப்பட்டது அது. பலமில்லாதவர்களைப் பாதுகாக்கச் சொன்ன வார்த்தையைப் பலமுள்ளவர்கள் தங்களுக்குக் கேடயமாக எடுத்துக்கொள்ளலாமா? தாவீதும் அபிஷேகம் பண்ணப்பட்டவன்தான். நாத்தான் அவன் அரண்மனைக்கே போய் முகத்துக்கு நேரே சொன்னான். அந்தியோகியாவில் பேதுரு தவறியபோது பவுல் எல்லோருக்கும் முன்பாகவே அவரை எதிர்த்துப் பேசினார். பேதுருவைவிட நம்மில் யாருக்கு அதிக அபிஷேகம்?

வலது கை செய்வதை இடது கை அறியக் கூடாது என்பதையும் சிலர் கணக்குக்கு எதிராக எடுத்துச் சொல்கிறார்கள். அது கொடுக்கிறவனுக்குச் சொல்லப்பட்டது. அவன் தன் தர்மத்தை விளம்பரம் பண்ணாமல் இருக்க வேண்டும். வாங்குகிறவன் அதை எப்படிச் செலவழித்தான் என்று மறைத்துவைக்க அந்த வசனத்தில் இடமே இல்லை. நம்மிடம் அது தலைகீழாகிவிட்டது. கொடுத்தவர் பெயரைப் பளிங்குக் கல்லில் வெட்டுகிறோம். செலவழித்த விவரத்தைப் பீரோவில் பூட்டுகிறோம்.

தஞ்சாவூர் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரைப் பற்றி நீங்கள் நினைவு நாள் கூட்டங்களில் பேசுகிறீர்கள். அவர் வாழ்வில் நடந்த ஒன்றைக் கொஞ்சம் நிதானமாக நினைத்துப் பார்க்கக் கேட்கிறேன். 1779-இல் சென்னை அரசு அவரை ஹைதர் அலியிடம் தூது அனுப்பியது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பேசிமுடித்துப் புறப்படும்போது, வழிச்செலவுக்கென்று ஹைதர் ஒரு பையில் முந்நூறு ரூபாய் கொடுத்தனுப்பினார். மறுத்துப் பார்த்தும் முடியாமல் சுவார்ட்ஸ் வாங்கிக்கொண்டார். சென்னைக்கு வந்ததும் அந்தப் பையை அப்படியே அரசிடம் ஒப்படைத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் வற்புறுத்தியபோது, தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்துக்கு முதல் பணமாக அதை வைக்க அனுமதி கேட்டார். அந்தப் பணத்தைப் பற்றி அவரை யாரும் விசாரித்திருக்கப்போவதில்லை. தாமாகவே கொண்டுபோய் மேஜையில் வைத்தார்.

அந்தச் செயலின் பலன் பின்னால் தெரிந்தது. பின்னர் ஹைதரோடு மூண்ட போர்க் காலத்தில் தஞ்சாவூர்க் கோட்டைக்குள் ஜனங்கள் பசியால் விழுந்துகொண்டிருந்தார்கள். வெளியே கிராமங்களில் தானியம் இருந்தது. ஆனால் முன்பு வாங்கியதற்கே கூலி கொடுக்காத அதிகாரிகளை நம்பி யாரும் மாடு அனுப்பவில்லை. ராஜாவின் வார்த்தைக்கு மதிப்பில்லாமல் போயிருந்தது. கூலிக்கு நான் பொறுப்பு என்று சுவார்ட்ஸ் சொன்னதும் சில நாட்களுக்குள் ஆயிரம் மாடுகளுக்கு மேல் வந்து நின்றன. கொண்டுவந்தவர்களில் பெரும்பாலோர் அவருடைய சபையைச் சேர்ந்தவர்களே அல்ல. ஒரு மனிதன் பணவிஷயத்தில் சுத்தமாக இருந்ததால் ஒரு கோட்டை முழுவதற்கும் சோறு கிடைத்தது. சாட்சி என்று நாம் மேடையில் சொல்கிற வார்த்தைக்கு இதைவிட என்ன அர்த்தம் இருக்க முடியும்?

இன்னொரு முன்மாதிரியும் உண்டு. பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் ஐயர் 1830-இல் தர்ம சங்கம் ஏற்படுத்தினார். விசுவாசத்தின் நிமித்தம் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்களுக்குக் காணிக்கைப் பணத்தில் நிலம் வாங்கிக் குடியேற்றினார்கள். அன்று துரத்தப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிய சபை, இன்று சபை நிலத்தை யாருக்கு, என்ன விலைக்கு, எந்தக் கூட்டத்தின் தீர்மானப்படி விற்கிறது என்று கேட்டால் அதற்கும் பதில் இல்லை.

தியாகத்தைப் பற்றி உங்களிடம் பேச எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஏனென்றால் தியாகத்தோடு ஊழியம் செய்கிறவர்கள் உங்களுக்குள் நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் நேரில் அறிந்தவர்களே இருக்கிறார்கள். குக்கிராமத்துச் சபை ஊழியர், உபதேசியார் வீடு மழைக்கு ஒழுகினாலும் காலை மணி அடிக்கத் தவறுவதில்லை. அவருடைய மனைவி ஞாயிறு பள்ளி நடத்துகிறார், பெண்கள் ஐக்கிய சங்கம் நடத்துகிறார், சாவு வீட்டில் முதல் ஆளாய் நிற்கிறார். அதற்கெல்லாம் அவருக்குச் சம்பளம் கிடையாது, அவர் கேட்டதும் கிடையாது. ஒடிசாவிலும் ஜார்க்கண்டிலும் மலைக் கிராமங்களில் மலேரியாவோடு வாழ்ந்துகொண்டு, பிள்ளைகளைத் தொலைவில் விடுதியில் விட்டுவிட்டு, மாதப் படி தாமதமாக வந்தாலும் முறுமுறுக்காமல் இருக்கிற மிஷனரிக் குடும்பங்களுக்காக எங்கள் ஜெபக்குழுக்கள் பெயர் சொல்லி ஜெபிக்கின்றன.

என் ஆதங்கம் இங்கேதான். தியாகம் எல்லாம் கீழே இருப்பவர்களுக்கு என்றும், வசதி எல்லாம் மேலே இருப்பவர்களுக்கு என்றும் எப்போது பங்கு பிரிந்தது? சபை ஊழியர் சம்பள உயர்வு கேட்டால், ஊழியம் தியாகம் என்று உபதேசம் நடக்கிறது. அதே வாரத்தில் தலைவருக்குப் புது வாகனம் வாங்கத் தீர்மானம் போகிறது. மலையில் இருக்கிறவரின் படத்தை மாதப் பத்திரிகையின் அட்டையில் போட்டுக் காணிக்கை வாங்குகிறீர்கள். அதில் எவ்வளவு அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பது அந்தப் பத்திரிகையில் எங்கும் இல்லை. இன்னொருவருடைய தியாகத்தைக் காட்டி வாங்கின பணத்தை இன்னொருவருடைய வசதிக்குச் செலவழிப்பதைவிடப் பெரிய துரோகம் ஊழியத்தில் எனக்குத் தெரியவில்லை. இதைக் கடுமையாகச் சொல்கிறேன் என்றால், அந்த அட்டைப்படத்தைப் பார்த்துக் கொடுத்த கைகளை நான் அறிந்திருப்பதால்தான்.

சாமுவேல் முதிர்ந்த வயதில் ஜனங்களுக்கு முன்பாக நின்றார். நான் யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன், யாருடைய கழுதையை எடுத்தேன், யாருக்கு இடுக்கண் செய்தேன், யார் கையில் பரிதானம் வாங்கினேன், சொல்லுங்கள், திரும்பக் கொடுக்கிறேன் என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்று ஜனங்கள் சாட்சி சொன்னார்கள். கேட்கத் துணிவுள்ளவர் அவர். ஆனால் அதே சாமுவேல் தம் பிள்ளைகள் இருவரைப் பெயெர்செபாவில் நியாயாதிபதிகளாக வைத்தார். அவர்கள் பொருளாசைக்குச் சாய்ந்து பரிதானம் வாங்கினார்கள். அதைச் சொல்லித்தான் ஜனங்கள் ராஜா வேண்டும் என்று கேட்டார்கள். அவ்வளவு சுத்தமான மனிதரின் வீட்டிலேயே பதவி பிள்ளைகளுக்குப் போனபோது இப்படி ஆனதென்றால், அப்பா நிறுவனர், அம்மா பொருளாளர், மூத்த மகன் செயலாளர், மருமகன் அறங்காவலர் என்று டிரஸ்ட் எழுதி வைத்திருக்கிற ஊழியங்கள் எந்தத் தைரியத்தில் நடக்கின்றன? உங்கள் பிள்ளைகள் ஊழியத்துக்கு வருவதில் எங்களுக்குச் சந்தோஷம்தான். வரட்டும், வேதாகமக் கல்லூரியில் படிக்கட்டும், கிராமத்தில் சில வருஷம் இருக்கட்டும். ஜனங்களின் காணிக்கையில் வாங்கிய நிலமும் கட்டிடமும் குடும்பச் சொத்துபோலக் கைமாறுவதைத்தான் நாங்கள் ஏற்க முடியவில்லை.

திருமண்டலத் தேர்தல்களைப் பற்றி அதிகம் எழுத மனம் வரவில்லை. நிர்வாகத்தை ஓய்வுபெற்ற நீதிபதியிடம் நீதிமன்றம் ஒப்படைக்கும் நிலை வரை போய்விட்டோம். சகோதரர்கள் வழக்குக்குப் போவதைப் பவுல் கண்டித்தார் என்று எங்களைக் கடிந்துகொள்கிறீர்கள். உண்மைதான். அதே இடத்தில், வழக்கைத் தீர்க்கத்தக்க ஒரு விவேகிகூட உங்களுக்குள் இல்லையா என்றும் அவர் கேட்டார். உள்ளே நியாயம் கிடைத்திருந்தால் வெளியே யாரும் போயிருக்கமாட்டார்கள்.

பணத்தைவிட முக்கியமான இன்னொரு கணக்கு இருக்கிறது. உங்கள் விடுதிகளிலும் பள்ளிகளிலும் ஞாயிறு பள்ளிகளிலும் எங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆலோசனைக்கென்று எங்கள் பெண்கள் உங்கள் அறைக்கு வருகிறார்கள். அங்கே தவறு நடந்து புகார் வந்தால், சபையின் பெயர் கெட்டுவிடும், ஜெபத்தில் வைப்போம் என்று சொல்லி, குற்றம் சாட்டப்பட்டவரை வேறு சேகரத்துக்கு மாற்றுகிற வழக்கம் இருக்கிறது. அந்த வேறு சேகரத்திலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றித் தெரிந்தவர் யாராக இருந்தாலும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் சொல்கிறது. அங்கிக்கு அதில் விலக்கு இல்லை. கத்தோலிக்க சபையிலும் 2019-இல் போப் பிரான்சிஸ், இப்படிப்பட்டதையும் அதை மூடிமறைப்பதையும் அறிந்த குருக்களும் துறவியரும் சபை அதிகாரத்துக்கு அறிவித்தே ஆகவேண்டும் என்று ஆணை பிறப்பித்தார். புகார் சொன்ன பிள்ளையின் குடும்பத்தைத் தனிமைப்படுத்தி, குற்றம் சாட்டப்பட்டவருக்காக உபவாச ஜெபம் வைப்பது மன்னிப்பு அல்ல. சபையின் பெயரைக் கெடுப்பது அந்தப் பிள்ளை அல்ல, தவறு செய்தவரும் அவரை ஒளித்தவர்களும்.

இனி நாங்கள் கேட்பதைச் சொல்கிறேன். மார்ச் 31-இல் ஆண்டுக் கணக்கு முடிகிறது. சங்கமாகப் பதிவு செய்தவர்கள் ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டித் தணிக்கை செய்த கணக்கை வைக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பதிவாளருக்கும் வருமானவரித் துறைக்கும் கொடுக்கிற அந்தக் கணக்கை எங்களுக்கும் கொடுங்கள். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும், ஜனங்கள் கலைந்துபோகுமுன், தமிழில் வாசியுங்கள். வாசித்த தாளை ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். தனி ஊழியங்களை நடத்துகிறவர்கள் மாதப் பத்திரிகையில் ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும். உங்கள் சம்பளம், படி, வாகனச் செலவு, வெளிநாட்டுப் பயணத்துக்குப் பணம் வந்த வழி எல்லாம் அதில் இருக்கட்டும். இன்னின்ன மிஷனரி தளத்துக்கென்று வாங்கிய காணிக்கை அந்தத் தளத்துக்குப் போனதா என்பது இருக்கட்டும். உங்கள் டிரஸ்டில் குடும்பத்தைச் சேராதவர்கள் பாதிக்கு மேல் இருக்கட்டும், அவர்கள் உங்களிடம் சம்பளம் வாங்குகிறவர்களாக இருக்க வேண்டாம். நிலத்தை விற்குமுன் அந்த ஊர்ச் சபையைக் கூட்டிக் கேளுங்கள். புதுக் கோபுரத்துக்கு அஸ்திபாரம் போடுமுன் சபை ஊழியர்களின் சம்பளப் பாக்கியைத் தீருங்கள். பெண்களும் பிள்ளைகளும் பயமில்லாமல் புகார் சொல்ல, சபைக்கு வெளியே இருக்கிற ஒரு பெண் வழக்கறிஞரையோ மருத்துவரையோ சேர்த்து ஒரு குழு வையுங்கள். அதில் இருப்பவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் விடுதிச் சுவரில் இருக்கட்டும்.

எங்கள் பக்கத்திலும் செய்யவேண்டியது இருக்கிறது. போதகர் வீட்டுப் பிள்ளை நல்ல உடுப்புப் போட்டால் முகம் சுளிப்பதை நாங்கள் விட வேண்டும். ஊழியர் குடும்பம் கௌரவமாக வாழத்தக்க சம்பளத்தைத் தாமதமில்லாமல் கொடுக்க வேண்டும். வயதான காலத்தில் அவர்கள் ஒதுங்க ஒரு வீடும் வைத்தியச் செலவும் எங்கள் கடமை. பிரமாண்டமான மேடையைப் பார்த்துக் கொடுப்பதை நிறுத்தி, கணக்குக் காட்டுகிற இடத்துக்குக் கொடுக்க நாங்கள் பழக வேண்டும். இதைச் செய்ய ஆயத்தமாக இருக்கிற குடும்பங்கள் ஒவ்வொரு சேகரத்திலும் இருக்கின்றன. நேர்மையாக நடக்கிற போதகர்கள் பலர் இப்போதே இப்படிக் கணக்கு வாசிக்கிறார்கள். மற்றவர்கள்மேல் விழுகிற சந்தேகத்தை அவர்களும் சேர்ந்து சுமக்கிறார்கள். அவர்களுக்காகவாவது மற்றவர்கள் புத்தகத்தைத் திறக்க வேண்டும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். இதைக் கீழே இருந்து ஆரம்பிக்காதீர்கள். மாதச் சம்பளத்துக்கே வழியில்லாத கிராமத்துச் சபை ஊழியரிடம் முதலில் வவுச்சர் கேட்காதீர்கள். பேராயர்கள், திருமண்டல அலுவலர்கள், பெரிய ஊழியங்களின் நிறுவனர்கள் முதலில் தங்கள் கணக்கை எழுத்தில் வெளியிடுங்கள். அதன்பின் சேகரங்களைக் கேளுங்கள். அடுத்த ஆண்டு என்று தள்ளிப்போடாமல், வருகிற மார்ச்சில் முடியும் கணக்கிலிருந்தே தொடங்குங்கள். வாசிக்கும்போது எழுந்து கேள்வி கேட்கிறவரின் பெயரைக் குறித்துவைக்காமல், அவருக்குப் பதில் சொல்லுங்கள்.

கர்த்தருக்குள்,
காணிக்கை கொடுக்கிற ஒரு சபை விசுவாசி,
பாளையங்கோட்டை